கூகுள் மேப்பா, வீட்டாள் குரலா: பார்வையில்லாதவருக்குச் சேலத்தில் வழி சொல்ல எது தோது?

கண் தெரிந்தவருக்கு வழி சொல்வது சுலபம். "நேராப் போங்க, பச்சை போர்டு தெரியும், அங்க லெஃப்ட்" என்றால் போதும், போய்ச் சேர்ந்துவிடுவார். பார்வையில்லாதவருக்கு இதில் எதுவுமே உதவாது. பச்சை போர்டு தெரியாது என்பது எல்லோருக்கும் புரியும். 'நேராப் போங்க' என்பதும் அவருக்கு உதவாது என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. எதிரே ஒரு புள்ளியைப் பார்த்து அதை நோக்கி நடப்பதால்தான் நாம் நேராக நடக்கிறோம். அந்தப் புள்ளி இல்லாதவர் ஒரு சுவரையோ, தெரு ஓரத்தையோ, ஓடும் வண்டிகளின் சத்தத்தையோ பிடித்துக்கொண்டுதான் நேர்கோட்டில் போக முடியும். அவருக்கு வழி சொல்லும் குரல் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் சித்தப்பா அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். கண் நீர் அழுத்த நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பழகிவிட்டார். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பழைய பஸ் ஸ்டாண்ட், அப்புறம் பெரியாஸ்பத்திரி. இந்த ஒரு வழியையாவது யார் கையையும் பிடிக்காமல் போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு எந்தக் குரலை நம்பலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் நாங்கள் அலசிப் பார்த்ததை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் நடக்கும் வழிக்கு, அந்த வழியைக் கோலோடு நடந்து அறிந்தவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்த குரல்தான் முதலிடம். மேப் அதற்குத் துணை. மற்ற இரண்டும், அதாவது ஒலியால் வழிகாட்டும் செயலியும் போனில் பார்த்துச் சொல்லும் ஆளும், அவரவர் நிலைமையைப் பொறுத்தவை.

மேப்பிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். கூகுள் மேப் தமிழில் பேசத் தொடங்கியது 2018இல். காசில்லை, எந்த ஊருக்கும் வழி சொல்லும், தெரு மாறினால் உடனே வேறு வழி போட்டுக் கொடுக்கும். புது இடத்துக்குப் போகிறவருக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை. 2019 அக்டோபரில் பார்வையில்லாதவர்களுக்காகவே விரிவான நடைவழிக் குரல் ஒன்றையும் கூகுள் கொண்டுவந்தது. சரியான வழியில்தான் போகிறீர்கள் என்று நடுநடுவே உறுதி சொல்லும், அடுத்த திருப்பத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லும், பெரிய சந்திப்பு நெருங்கினால் எச்சரிக்கும். ஆனால் அது முதலில் வந்தது அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் ஜப்பானில் ஜப்பானிய மொழியிலும்தான்.

மேப்பை நான் இரண்டாமிடத்தில் வைப்பதற்கு மொழி காரணமில்லை. செயற்கைக்கோள் கணக்கின் துல்லியம்தான் காரணம். திறந்த வானத்துக்குக் கீழே, நல்ல நிலையில், ஒரு ஸ்மார்ட்போன் தன் இடத்தைச் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள் கண்டுபிடிக்கும். கட்டடங்களுக்கு நடுவே போனால் பிழை கூடும். காரில் போகிறவருக்கு 5 மீட்டர் ஒன்றுமேயில்லை. சேலத்தின் அம்மாபேட்டை, குகை பகுதிகளில் உள்ள சந்துகளில் 5 மீட்டர் என்றால் சந்தின் இந்த ஓரமா அந்த ஓரமா என்பதே தெரியாது. "இடதுபுறம் திரும்பவும்" என்ற குரல் சந்து முனைக்கு நாலு எட்டு முன்னாலேயே வந்துவிட்டால், அவர் திரும்பி யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் முட்டிக்கொள்வார். ஐந்து ரோடு சந்திப்பில் இன்னொரு சிக்கல். அங்கே 2020இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் இருக்கிறது. பாலத்துக்கு அடியில் நிற்கிறவருக்கு வானமே மறைந்துவிடுகிறது, போனுக்கும் அப்படித்தான். மேலே போகும் சாலையையும் கீழே போகும் சாலையையும் அது பிரித்தறியத் தடுமாறும். அப்புறம், வழி தொடங்கும்போதே "வடகிழக்கு நோக்கிச் செல்லவும்" என்ற மாதிரி ஒரு கட்டளை வரும். வெயில் முகத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று வைத்துத் திசை பிடிப்பவர்கள் உண்டு, மறுக்கவில்லை. மேகம் மூடிய நாளில் அவர் என்ன செய்வார்?

எதை அடையாளமாகச் சொல்வது என்பதும் இருக்கிறது. இந்தியாவில் தெருப் பெயரைச் சொல்லி வழி கேட்பவர்கள் குறைவு என்று புரிந்துகொண்டு, 2009இலேயே கூகுள் தன் வழிகளில் பெட்ரோல் பங்க், கோயில் போன்ற அடையாளங்களைச் சேர்க்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அவை எல்லாம் கண்ணால் பார்க்கும் அடையாளங்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியாக வேண்டும். கிளாஸ்கோ நகரத்து ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் பிராட்லியும் மார்க் டன்லப்பும் செய்து 2005இல் வெளியிட்டது. வழிக்குறிப்புகளை இரண்டு வகையாகப் பதிவு செய்தார்கள். ஒன்று, பார்வையுள்ளவர்கள் சொன்ன விவரங்களை வைத்து. இன்னொன்று, பார்வையற்றவர்கள் சொன்ன விவரங்களை வைத்து. பார்வையுள்ளவர், பார்வையற்றவர் என இரு குழுவினரையும் இரண்டு வகையும் கேட்டு நடக்கவைத்தார்கள். பார்வையற்றவர்கள் சொன்ன குறிப்புகளைக் கேட்டு நடந்தபோது பார்வையற்றவர்களுக்கு மனச்சுமை குறைந்தது, வேகமாகவும் போய்ச் சேர்ந்தார்கள். யார் அறிந்த வழி என்பதில்தான் வித்தியாசம். எங்கள் முடிவுக்கு அடித்தளம் இதுதான். வழி சொல்கிறவர் நல்ல மனதோடு சொன்னால் போதாது, அவர் அந்த வழியைக் காலாலும் காதாலும் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தெரிவு, வார்த்தையே இல்லாமல் ஒலியால் வழி காட்டுவது. இதற்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. ரெஜினால்ட் கோலெட்ஜ் என்ற புவியியல் பேராசிரியர், மனிதர்கள் ஊருக்குள் எப்படி வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்தவர், 1980களின் நடுவில் பார்வையை இழந்தார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ஜாக் லூமிஸ், ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற உளவியலாளர்களோடு சேர்ந்து, செயற்கைக்கோள் உதவியோடு வழிகாட்டும் கருவி ஒன்றை உருவாக்கினார். முதுகில் பையாகச் சுமக்கும் அளவுக்குப் பெரிய கருவி. போகவேண்டிய இடத்திலிருந்தே சத்தம் வருவதுபோல இரண்டு காதுகளிலும் ஒலியை மாற்றி மாற்றிக் கொடுப்பது ஒரு முறை, "இடது, வலது, நேர்" என்று பேசுவது இன்னொரு முறை. இரண்டையும் ஒப்பிட்டு 1998இல் வெளியிட்டார்கள். திசையோடு வரும் ஒலிதான் முந்தியது. 2006இல் இன்னொரு சோதனை. பார்க்காமல் நடப்பவர்களுக்கு நடக்கும்போதே நினைவுக்கு வேலை தரும் வேறொரு பணியையும் கொடுத்தார்கள். பேச்சைக் கேட்டு நடந்தவர்களுக்கு இரண்டையும் ஒருசேரச் செய்வது பாரமாக இருந்தது. ஒலியைக் கேட்டு நடந்தவர்களுக்கு அந்தப் பாரம் குறைவு.

பேச்சை முதலிடத்தில் வைக்கும் எனக்கு இது எதிரான சான்று என்று தெரியும். ஆனாலும் இதை எடுத்துச் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பேச்சு எப்படி இருக்கவேண்டும் என்பதை இதுதான் சொல்லித் தருகிறது. பேச்சு நினைவைத் தின்கிறது. ஒரே மூச்சில் நாலு திருப்பத்தைச் சொன்னால் மூன்றாவது வரும்போது முதலாவது மறந்துபோகும். ஒரு தடவைக்கு ஒரு செயல், ஒரு அடையாளம், அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஒலிவழி நடைமுறைக்கு வந்தது மைக்ரோசாஃப்டின் சவுண்ட்ஸ்கேப் செயலியில், 2018இல். ஐபோனில் மட்டும் கிடைத்தது. 2023இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கொடுத்ததால் வாய்ஸ்விஸ்டா போன்ற செயலிகள் அதைத் தொடர்கின்றன. பழகியவர்கள் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஏன் சரிவரவில்லை என்றால், முதலாவது, அந்த ஒலி பெரும்பாலும் போகவேண்டிய இடத்தை நேர்க்கோட்டில்தான் காட்டும். நடுவே வரிசை வீடுகளும் சாக்கடையும் இருப்பது அதற்குப் பொருட்டில்லை. இரண்டாவது, சித்தப்பாவின் காது. ஆயுள் முழுக்க தறிச் சத்தத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும் திறன் குறைவது அறிந்த விஷயம். இடது காதுக்கும் வலது காதுக்கும் இடையே உள்ள நுட்பமான வித்தியாசத்தை வைத்துத் திசை பிடிக்கச் சொன்னால், ஒரு காது மந்தமான மனிதர் என்ன செய்வார்? தறிக்காரர் ஊரில் இது ஓரிருவர் பிரச்சினை இல்லை. மூன்றாவது, காதை அடைக்கும் இயர்போன். வெள்ளைக் கோலோடு நடப்பவருக்குக் காதுதான் கண். அதை அடைத்துவிட்டு வழி சொல்வது ஆபத்து. கன்ன எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் இயர்போன்கள் இருக்கின்றன. எந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வகையை வாங்கலாம், இல்லாவிட்டால் போனைச் சட்டைப் பையில் வைத்து ஸ்பீக்கரில் கேட்கலாம்.

மூன்றாவது, போனில் ஒரு ஆள். டென்மார்க்கில் தொடங்கி 2015இல் வெளியான பி மை ஐஸ் செயலியில், பார்வையற்றவர் கேமராவைத் திறந்தால் ஒரு தன்னார்வலர் பார்த்துச் சொல்வார். மாத்திரை அட்டையைப் படிக்க, எந்தக் கடை முன்னால் நிற்கிறோம் என்று அறிய, மிக நல்ல உதவி. நடக்கும் வழிக்கு இதை நம்பமாட்டேன். எங்கோ உட்கார்ந்திருப்பவருக்கு நம் தெரு தெரியாது, படம் நின்று நின்று வரும். அமெரிக்காவில் அய்ரா என்ற கட்டணச் சேவையில் பயிற்சி பெற்ற ஆட்களே பேசுகிறார்கள். அவர்கள்கூட, பயனர் சாலையைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் காது வண்டிகளுக்கு உரியது என்பது அவர்கள் விதி. இந்த விதியை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

இனி எங்கள் தேர்வு. ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். மெமரி கார்டு போட்ட பட்டன் போன் போதும். ஒரு திருப்பத்துக்கு ஒரு பதிவு. அடுத்த பாட்டுக்குப் போகும் பட்டனை அழுத்தினால் அடுத்த குறிப்பு, திரும்பக் கேட்க வேண்டுமானால் முந்தைய பட்டன். குரல் தங்கச்சியுடையது, அதாவது சித்தப்பா மகள். சொன்னது சித்தப்பா. அவர் கோலோடு முன்னால் நடந்தார், எதை வைத்து இடத்தைக் கண்டுகொள்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனார், தங்கச்சி எழுதிக்கொண்டாள். பார்வையுள்ள நாங்கள் உட்கார்ந்து எழுதியிருந்தால் நீல கேட்டும் மாடி வீடும்தான் வந்திருக்கும். அவர் வாயிலிருந்து வந்தது வேறு மாதிரி. தூரத்தை மீட்டரில் போடலாமா என்று கேட்டதற்கு, "மீட்டர் கணக்கு எனக்கு எதுக்கு கண்ணு? கல்லு ஆடுற இடத்தச் சொல்லு, போதும்" என்றார். முதல் சில குறிப்புகளைத் தருகிறேன்:

"அப்பா, வாசப்படி இறங்கினதும் சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. வீட்டுச் சுவரு சோத்தாங்கைப் பக்கமே வரும். கோலு சுவரைத் தொட்டுக்கிட்டே வரட்டும்."

"தறிச் சத்தம் பக்கத்துல கேக்கும். அதைத் தாண்டினதும் காலுக்குக் கீழ சாக்கடைப் பலகைக்கல்லு ஆடும். அங்க நில்லுங்க."

"சுவரு முடிஞ்சிருச்சு, முகத்துல காத்து அடிக்கும். வண்டிங்க குறுக்கால ஓடுற சத்தம் கேக்கும். இது முக்கு. சோத்தாங்கைப் பக்கம் திரும்பி ஓரமாவே போங்க. தலைக்கு நேரா ஒரு தகரம் நீட்டிக்கிட்டு இருக்கும், கைய முன்னால வெச்சுக்கோங்க."

"மாவு மில் வாசனை வந்துச்சுன்னா பஸ் ஸ்டாப்பத் தாண்டிட்டீங்க. அப்படியே திரும்பி, சிமென்ட் திண்டு கோல்ல படுற வரைக்கும் வாங்க."

இதில் கவனிக்கவேண்டியவை சில. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு அடையாளம் இருக்கிறது. தறிச் சத்தம் ஞாயிற்றுக்கிழமையும் மின்தடையிலும் நின்றுபோகும், ஆடும் கல் நிற்காது. கல்லை மாநகராட்சி சரிசெய்துவிட்டால் தறி காப்பாற்றும். மில்லும் மூடியிருந்தால் சிமென்ட் திண்டு இருக்கிறது. கடை வாசனை, பூக்காரம்மா குரல் போன்றவை இனிமையான அடையாளங்கள், ஆனால் அவற்றை மட்டும் நம்பக்கூடாது. மேடு பள்ளம், வேகத்தடை, சுவர் முடியும் இடம், டிரான்ஸ்ஃபார்மர் உறுமல் போன்றவை எளிதில் மாறாதவை.

தவறிப் போனால் எப்படித் தெரியும் என்பதையும் குறிப்பே சொல்கிறது. பயணம் முழுவதற்கும் இதுதான் பெரிய தைரியம். சித்தப்பா அதிகம் பயந்தது வழி தெரியாமல் போவதைப் பற்றி இல்லை. வழி தப்பியது தெரியாமலே நடந்துகொண்டிருப்பதைப் பற்றித்தான்.

அடி எண்ணிக்கை போடவில்லை. எத்தனை அடி என்று எண்ணி நடப்பதுதான் பார்வையற்றவர் முறை என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டத்தில் அடி சுருங்கும், அவசரத்தில் நீளும், நடுவில் தெரிந்தவர் ஒருவர் "எங்கண்ணே இந்தப் பக்கம்?" என்று கேட்டால் எண்ணிக்கை போச்சு. மூன்று நாலு அடிக்குள் முடியும் காரியத்துக்கு வேண்டுமானால் எண்ணலாம். நேர்த் திருப்பமாக இல்லாமல் சாய்வாகப் பிரியும் தெருவுக்குக் கடிகார முறை நன்றாக வேலை செய்கிறது. எதிரே பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால், "பத்து மணிப் பக்கம் போங்க" என்பது தெளிவாகப் புரிகிறது.

திரும்பி வரும் வழிக்குத் தனிப் பதிவு வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். போகும்போது சோத்தாங்கைப் பக்கம் இருந்த சுவர் வரும்போது பீச்சாங்கைப் பக்கம் மாறும் என்பது மட்டுமில்லை, அடையாளங்களே மாறுகின்றன. போகும்போது 'காற்று அடிக்கும் முக்கு' என்று அறிந்த இடத்தை, வரும்போது ரோட்டிலிருந்து சந்துக்குள் நுழைகையில், வண்டிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் அமுங்குவதை வைத்துத்தான் அறிய முடியும்.

இந்த முறையின் குறை பெரிதுதான். பதிவு செய்த வழியைத் தவிர வேறு எங்கும் உதவாது. ரோடு தோண்டினால் அதற்குத் தெரியாது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது டவுன் பக்கம் முழுக்கக் கூட்டமும் கடைகளுமாக மாறிவிடும். அந்த நாட்களுக்குப் பதிவை ஓரம் வைத்துவிட்டு ஆளோடு போவதே சரி. மாதத்துக்கு ஒருமுறையாவது யாராவது வழியைக் கேட்டுக்கொண்டே நடந்து சரிபார்க்க வேண்டும். எந்தக் குரலும் கோலுக்குப் பதிலாகாது. கோலும் முழங்காலுக்கு மேலே உள்ளதைக் கண்டுபிடிக்காது. லாரியின் பின்கதவு, தொங்கும் போர்டு எல்லாம் முகத்தில்தான் படும். அதற்காக டெல்லி ஐஐடி உருவாக்கி 2014இல் வெளியிட்ட ஸ்மார்ட்கேன் கருவியைக் கோலின் பிடியில் மாட்டலாம். மீயொலியால், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியால், 3 மீட்டர் வரை தடைகளை உணர்ந்து கையில் அதிர்வாகச் சொல்லும். காதுக்கு வேலை வைக்காததால் குரல்வழியோடு இது ஒத்துப்போகிறது.

ஏற்காட்டில் கணக்குக் கொஞ்சம் மாறும். அங்கே தெருவின் ஏற்ற இறக்கமே பெரிய அடையாளம், கால் சொல்லிவிடும். ஒண்டிக்கடை சந்திப்பிலிருந்து எந்தத் திசை ஏறுகிறது, எந்தத் திசை இறங்குகிறது என்று பதிவில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பனி இறங்கும் நாட்களில் பார்வையுள்ள ஓட்டுநர்களுக்கே எதிரில் இருப்பது தெரியாது என்பதால், மலைமேல் சாலையைக் கடக்கும் குறிப்பு எதையும் தனியாக நடப்பவருக்குப் பதிவு செய்ய மாட்டேன்.

ஆக, யாருக்கு எது? பார்வை இழந்து அதிக நாள் ஆகாத, ஒன்றிரண்டு வழிகளே தேவைப்படும் பெரியவருக்குப் பதிவுக் குரல். வேலைக்காக ஊர் முழுக்கச் சுற்றும், ஸ்மார்ட்போனில் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானை நன்றாகக் கையாளும் இளைஞருக்கு மேப். அவரும் கடைசி ஐம்பது மீட்டருக்குப் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்கவேண்டியிருக்கும், அதற்குத் தயங்கவேண்டியதில்லை. இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், ஐபோன் உள்ளவர் திறந்தவெளியில், உதாரணமாகக் கல்லூரி வளாகத்தில், ஒலிவழியை முயன்று பார்க்கலாம். போனில் ஆள் என்பது எல்லோர் பையிலும் அவசரத்துக்கு இருக்கட்டும்.

வீட்டில் தீர்க்க முடியாத ஒரு பகுதி மிச்சமிருக்கிறது: பழைய பஸ் ஸ்டாண்ட். ஈரடுக்காகக் கட்டிய பிறகு, செயற்கைக்கோள் கணக்கு அங்கே மேல் தளமா கீழ்த் தளமா என்று சொல்லாது. கூட்டமும் பஸ்களும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் பதிவுக் குரலும் தாக்குப்பிடிக்காது. இதற்கு லண்டனில் ஒரு முன்மாதிரி உண்டு. 2015இல் பிம்லிகோ சுரங்க ரயில் நிலையத்தில் வேஃபைண்டர் என்ற முயற்சியில் சின்னச் சின்ன ப்ளூடூத் கருவிகளைச் சுவர்களில் பொருத்தினார்கள். அருகில் வரும்போது போன் அந்த இடத்துக்கான குறிப்பைப் பேசும். அந்த அனுபவத்திலிருந்து, குரல் எப்போது பேச வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்ற நெறிமுறைகள் உருவாகி, 2017இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எஃப்.921 பரிந்துரையாக வந்தது. யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை, எடுத்துப் படித்துத் தமிழில் செய்யலாம். கருவிகளுக்குப் பேட்டரி மாற்ற ஒரு ஆளும், குறிப்புகளை எழுதும்போது கோலோடு நடக்கும் இரண்டு மூன்று பேரும் உடன் இருக்க வேண்டும். பஸ் நிலையத்தையும் பெரியாஸ்பத்திரியையும் நிர்வகிப்பவர்கள் மனது வைத்தால் நடக்கிற காரியம்.

அதுவரைக்கும் சித்தப்பாவின் பதிவில் பஸ் ஸ்டாண்டுக்கான குறிப்பு ஒன்றே ஒன்றுதான். இறங்குவதற்கு முன்னாலேயே கண்டக்டரிடம் சொல்லிவைத்து, பெரியாஸ்பத்திரி பக்கம் போகிறவர் ஒருவரின் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு வெளி வாசல்வரை போக வேண்டும். வாசலுக்கு வெளியே அடுத்த பதிவு தொடங்குகிறது.